கோதை என்னும் திருநாமம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற மே மாதம் ஏற்காட்டில் தங்கியிருந்தபோது, விடுதிப் பணியாளர் ஒருவர் ஆங்கிலப் பதிவேட்டைப் பார்த்து அடியேனுடைய பேத்தியைக் "கோடை" என்று அழைத்தார். அவள் பெயர் கோதை. அடியேன் திருத்த முற்பட்டேன். அவளோ, "என்னைத்தானே கூப்பிட்டார், தாத்தா" என்று சொல்லிப் போய்விட்டாள். ஆளை அறிந்து அழைத்தால் போதாதா? பெயரின் ஒலி அத்தனை முக்கியமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் ஆடிப்பூரத்தன்று கிடைத்த குழந்தைக்குப் பெரியாழ்வார் இட்ட திருநாமம் கோதை. தமிழில் அது மாலையைக் குறிக்கும். கூந்தலையும், மாலை சூடிய பெண்ணையும் குறிக்கும். எம்பெருமானுக்குரிய மாலையைத் தான் சூடிக் கொடுத்தவளுக்குப் பெயரும் செயலும் ஒன்றாயின. வடமொழியில் அத்திருநாமம் கோதா. 'கோ' என்றால் வாக்கு. 'தா' என்றால் தருபவள். ஸ்வாமி தேசிகன் 29 ச்லோகங்களில் கோதா ஸ்துதியை அருளிச்செய்தார். முதலெழுத்து தமிழில் 'கண்' என்பதிற்போலவும், வடமொழியில் 'கோவிந்தன்' என்பதிற்போலவும் ஒலிக்கும். உபய வேதாந்திகளுக்கு இரண்டும் உகந்தவையே.

தகரம் டகரமாவது அத்தகையதன்று. நாநுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் கோதை. மடிந்து அண்ணத்தைத் தொட்டால் கோடை. மாலை மறைந்து வேனில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்தே வாய்த்ததால் வந்த குழப்பம் இது. நாங்கள் நின்ற மலையும் அந்நிலைக்கு ஆளானதே. சேர்வராயன் மலை ஆங்கிலேயர் நாவில் 'ஷெவராய்' ஆயிற்று. எனினும் குகைக் கோயிலில் ஆண்டுதோறும் விழா எடுக்கும் மலைவாழ் மக்களுக்கு அவர் இன்றும் சேர்வராயனே.

மகனை அழைத்த அஜாமிளனையும் நாராயண நாமம் காத்ததே என்று கேட்கலாம். அங்கே அவன் குறித்த பொருள் வேறாயினும் நாமம் பிழைபடவில்லை. மழலையாய்க் குழறி அழைத்தாலும் எம்பெருமான் ஏற்பான். அது அவனுடைய வாத்ஸல்யம். அதைக் காட்டி நாம் அசிரத்தையை நியாயப்படுத்தலாகாது. பெயர் என்பது பெற்றோர் ஆசையோடு இட்ட முதல் கொடை. அதைப் பேணுவது அப்பிள்ளையைப் பேணுவதே.

பேத்தி கோபியாமல் சென்றதும் சரி. அடியேன் திருத்த விரும்பியதும் சரி. பொறுப்பது பெயருடையவரின் பெருந்தன்மை; பிழையின்றி அழைக்கக் கற்பது அழைப்பவரின் கடமை. திருத்துவோர் பிறரை நாணச் செய்யாமல் திருத்துதல் வேண்டும். மறுநாட் காலை அப்பணியாளரிடம் பெயரின் பொருளை மட்டும் சொன்னேன். பிறகு அவர் "கோதை" என்றே அழைத்தார்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.