மறைத்தலும் அருளே

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தின் பக்கச் சந்து ஒன்றில் பழைய ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கடை என்னுடையது. வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, இந்த ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் தாங்கும்?" கேள்விக்குள் ஒரு பயம் இருக்கும். நூறு வாட் ஆம்ப் வாங்கினால் அது நூறையும் பெட்டிக்குள் திணித்துவிடும் என்கிற பயம். அப்படி நடப்பதில்லை. ஆம்ப் வோல்டேஜைக் கொடுக்கிறது. ஸ்பீக்கர் தன் ஓம்ஸுக்கு ஏற்ற கரண்டை இழுத்துக்கொள்கிறது. நூறு என்பது கொடுக்க முடிவதன் எல்லை. கொடுத்தே தீரும் அளவு அல்ல. இதை விளக்கும்போது நான் பேசுவது மின்சாரமா, தக்கலை வீட்டுத் திண்ணையில் அப்பா எனக்குத் திருவருட்பயன் சொல்லித் தந்தபோது பேசிய சைவ சித்தாந்தமா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அருளைப் பற்றிய பழைய கேள்வியும் இந்த வாட்ஸ் கேள்விக்குப் பக்கத்து வீடுதான். இறைவன் அருளுக்கு எல்லை இல்லை, அது எல்லா உயிருக்கும் பொது என்கிறோம். அப்படியானால் ஏன் ஒருவருக்கு மூன்று வயதிலேயே கிடைக்கிறது, இன்னொருவரை இத்தனை காலம் காக்க வைக்கிறது? சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்டபோது சம்பந்தர் மூன்று வயதுக் குழந்தை. அப்பரோ சமணத்தில் நெடுங்காலம் இருந்து, சூலை நோயில் துடித்து, திருவதிகையில் தமக்கை திலகவதியார் காலில் வந்து விழுந்தவர். சித்தாந்தம் சொல்லும் விடை பக்குவம். உயிரைப் பிணித்த மலம் முதிரும் மலபரிபாகத்துக்கு ஏற்ப, அருள் வந்து பதியும் சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு விதமாக நிகழ்கிறது என்பார்கள்.

கடையில் இதற்கு டெசிபல் கணக்கு உண்டு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளக்க வேண்டும். பால் கிளிப்ஷ் 1946-இல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் சுமார் 104 டெசிபல் எழுப்பும். பி.பி.சி. 1970-களில் தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்எஸ் 3/5ஏ என்ற சின்னப் பெட்டி 82, 83-ஐத் தாண்டாது. இடைவெளி 20 டெசிபலுக்கு மேல். பவரில் பார்த்தால் நூறு மடங்குக்கு மேல். முன்னது ஒரு வாட்டில் எழுப்பும் சத்தத்தைப் பின்னது எழுப்ப நூறு வாட் போதாது. அத்தனையும் கொடுத்தால் அது தாங்கவும் தாங்காது. அதற்கு விதித்தது சுமார் 25 வாட்.

இதனால் எல்எஸ் 3/5ஏ மட்டமான ஸ்பீக்கர் என்று யாரும் சொல்வதில்லை. மனிதக் குரலுக்கு அதைவிட நேர்மையான பெட்டிகள் குறைவு. லண்டனிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்த ஜோடியில் செம்மங்குடி சீனிவாச ஐயரைப் போட்டுக் கேட்டேன். இந்த ஊர் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அவர் குரலின் கரகரப்பும், அதைத் தாண்டித் தாண்டி அவர் தோடியை எட்டிப் பிடிப்பதும் அப்படியே வந்தன. எளிதில் ஒலிப்பது உயர்ந்தது, பாடுபட்டு ஒலிப்பது தாழ்ந்தது என்ற கணக்கு இங்கே செல்லாது. 'அப்பரே' என்று சம்பந்தர் வாய்நிறைய அழைத்ததும் தாமதமாக வந்த அந்த ஒருவரைத்தான்.

சித்தாந்திகள் பக்குவத்தை விளக்க ஞாயிற்றையும் தாமரையையும் காட்டுவார்கள். ஒரே வெயிலில் ஒரு மொட்டு மலர்கிறது, ஒன்று மலரும் பருவத்தில் நிற்கிறது, ஒன்று வாடுகிறது. இந்த விடையில் எனக்கு ஒரு குறை. வேறுபாடு முழுவதையும் அது வாங்குபவன் தலையில் கட்டிவிடுகிறது. ஞாயிறு பாட்டுக்குக் காய்கிறது. கொடுப்பவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. என் மேசையில் நான் பார்ப்பது வேறு.

எரிந்த ட்வீட்டரோடு வருகிறவரிடம் என்ன ஆம்ப் என்று கேட்டால், "சின்னதுதான் அண்ணாச்சி, பத்து வாட்ஸ். அதுல எப்படி எரியும்?" என்பார். சின்னதாக இருந்ததால்தான் எரிந்தது. மிருதங்கத்தில் ஓங்கி விழும் ஒரு தட்டு, அந்தக் கணத்துக்கு மட்டும், சராசரியைப் போலப் பத்து மடங்கு பவரைக் கேட்கும்; அதற்கு மேலும் கேட்கும். வால்யூமை முழுக்கத் திருகிய சின்ன ஆம்ப்பிடம் அப்போது கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை. அலையின் தலை வெட்டுப்படுகிறது. முற்றாகச் சதுரமாகிவிட்ட அலை, பத்து வாட் ஆம்ப்பிலிருந்தே இருபது வாட் வரை இறக்கும். பாட்டில் இல்லாத உயர்ந்த ஒலிகள் பல அதில் புதிதாக முளைத்து ட்வீட்டருக்குள் போகின்றன. சில வாட்டுக்கு மேல் தாங்காத மெல்லிய காயில் கரிந்துபோகிறது. அதே வீட்டில் ஒரு நூறு வாட் ஆம்ப், நிதானமான கையில், அன்றாடம் ஒரு வாட்டை ஒட்டியே ஓடும். மீதி வெளியே தெரியாது. தன்னிடம் உள்ளதையெல்லாம் எப்போதும் காட்டியாக வேண்டிய ஆம்ப்தான் ஸ்பீக்கரைக் கொல்கிறது.

ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று என்று அப்பா சொன்னபோது எனக்குப் பிடிபடவில்லை. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் எல்லாம் சரி. மறைப்பது எப்படிக் கடவுளின் தொழிலாகும்? மலங்களை ஐந்தாக எண்ணுகிற கணக்கில் மறைக்கும் சத்தியான திரோதாயியையும் சேர்த்துவிடுகிறார்களே என்று வாதாடியிருக்கிறேன். மேசைதான் எனக்கு அதைப் புரிய வைத்தது. தெரியாமல் நிற்கும் தொண்ணூற்றொன்பதுதான் தெரிகிற ஒன்றைச் சுத்தமாக வைத்திருக்கிறது. மறைத்து வைப்பதும் கொடுக்கும் முறையில் ஒரு பகுதி. வாங்குபவனின் பக்குவம் மட்டும் போதாது. கொடுப்பவனிடம் அடக்கமும் வேண்டும்.

இந்த ஒப்புமை இரண்டு இடங்களில் உடைகிறது. முதலாவது, ஸ்பீக்கர் பக்குவமடைவதில்லை, பழசாகிறது. இந்த ஊர் ஈரக்காற்றில் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு பொடிந்து உதிரும். நான் புதிது ஒட்டித் தருவேன், அவ்வளவுதான். உயிரோ வினையை நுகர்ந்து நுகர்ந்து முதிர்கிறது, அந்த நுகர்ச்சி வலிக்கிறது. ஆகவே சூலையில் துடிக்கிற ஒருவரிடம் போய், மறைப்பும் அருள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது அவரவர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவருக்குச் சொன்னால் அது தத்துவமல்ல, கொடுமை.

இரண்டாவது இன்னும் பெரியது. என் மேசையில் பவர் ஒன்று, அதை அடக்கும் வால்யூம் நாப் வேறொன்று. நாப் பிடித்த கை தவறினால் நூறு வாட்டும் ஆபத்துதான். சித்தாந்தத்தில் அந்தப் பிரிவு கிடையாது. மலம் முதிரும்வரை திரோதான சத்தி என்று பெயர். முதிர்ந்த பின் அதுவே அருட்சத்தி. மறைத்ததும் காட்டுவதும் ஒரே சத்தி. அதனால், நீ இருந்தால் இன்னும் சத்தமாகக் கேட்கும்படி செய் என்று இறைவனிடம் வேண்டிக்கொள்வதை நான் நிறுத்திவிட்டேன். அந்த வேண்டுதலிலும் என் கடைக்கு வருகிறவரின் அதே தவறுதான் இருக்கிறது: வலிமையை, வெளியே கேட்கிற சத்தத்தை வைத்து அளப்பது.