மாத்திரையின் நேரமும் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம் பட்டது. பிறகு அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, உமக்குச் சலுகை இல்லை என்று உடனிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மவுத்தாகிவிட்டார். இதை அறிந்த நபி (ஸல்) அவர்கள், அந்த மரணத்திற்கு அவர்களையே பொறுப்பாக்கிக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று வருந்தினார்கள்.

சகோதரர்களே, அந்தத் தவறு இன்று நம் வீடுகளிலும் நடக்கிறது. பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் உள்ள பெரியவர்கள், ரமளான் வந்ததும் பகல் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். "ஒரு மாதம்தானே, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம்.

இந்த நோயில், மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. அதனால் நடுக்கம், உடல் இறுக்கம், நடையில் தளர்ச்சி வருகின்றன. அந்தக் குறையை ஈடுசெய்யவே லெவோடோபா மாத்திரை. நோய் முற்ற முற்ற, ஒரு வேளை மாத்திரையின் பலன் சில மணி நேரமே நிற்கும். நோன்போ சுமார் 13 மணி நேரம். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நோன்பு வைக்கக் கூடாது என்று அவர் சொன்னால், ஆலிமிடம் கேளுங்கள். குணமாகும் நம்பிக்கையில்லாத நோயாளி, ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்க மார்க்கத்தில் வழி உண்டு. நோயாளிக்குச் சலுகை தரும் 2:185 வசனத்திலேயே, நமக்கு எளிதையே தான் நாடுவதாக அல்லாஹ் அறிவிக்கிறான். அவன் தந்த சலுகையை ஏற்பதும் இபாதத்தான்.

ரமளான் அல்லாத நாட்களிலும் கவனம் தேவை. கறி, முட்டை, பருப்பு போன்ற புரத உணவோடு லெவோடோபாவை எடுத்தால், அது உடலில் சேர்வது குறையலாம். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ எடுக்கச் சொல்வார்கள். வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்ரமைட் போன்ற மாத்திரைகள் நடுக்கத்தைக் கூட்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த நோயைச் சொல்லிவிடுங்கள்.

பள்ளிவாசலிலும் நமக்குப் பொறுப்பு இருக்கிறது. இந்த நோயாளிக்கு வாசலில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். சற்றுப் பொறுத்து, தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதைத் தாண்டச் சொல்லுங்கள். நம் ஸஃப்புக் கோடே அதற்கு உதவும். ஸுஜூதிலிருந்து வேகமாக எழுந்தால் தலை சுற்றலாம். இம்ரான் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். பிறகு நாற்காலியில் அமர்பவரை ஏளனமாகப் பார்க்க நாம் யார்?

அவர் முகத்தில் சிரிப்பு குறையும், குரல் தாழும். ஸலாத்துக்குப் பதில் கேட்கவில்லை என்றால் பெருமை என்று எண்ணிவிடாதீர்கள், அது நோய். நல்லெண்ணம் வையுங்கள்.

பிள்ளைகளே! சிறு வயதில் உங்களுக்கு நேரம் தவறாமல் ஊட்டிய கைகள்தாம் இன்று நடுங்குகின்றன. பாங்கு நேரத்தைக் கவனிப்பதுபோல் அத்தா, அம்மாவின் மாத்திரை நேரத்தையும் கவனியுங்கள். சட்டைப் பித்தான் போடத் தாமதமானால் 'சீ' என்று சொல்லிவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நிறைவான கூலியையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.