பொது விஷம்

தலை துண்டிக்கப்பட்ட கரப்பான்பூச்சி உடனே செத்துவிடுவதில்லை. பல நாட்கள் நிற்கும், தொட்டால் விலகும். 1930களில் லண்டனில் தோலுரிப்பை ஆராய்ந்த விக்கில்ஸ்வொர்த், ரோட்னியஸ் என்னும் ரத்தமுறிஞ்சிப் பூச்சியின் தலைகளை வெட்டினார். தலையற்ற உடல்கள் மாதக்கணக்கில் உயிரோடிருந்தன. காரணம், பூச்சிக்கு மூச்சு தலை வழியாகப் போவதில்லை. விலாவிலுள்ள துளைகளில் புகும் காற்று, கிளைத்துக் கிளைத்து மெலியும் குழாய்களில் திசுவுக்கு நேரே சென்று சேர்கிறது. பிராணவாயுவைச் சுமக்கும் வேலை ரத்தத்துக்கு இல்லை. ஆகவே சிவப்பும் இல்லை. உடல் நெடுக உள்ள நரம்பு முடிச்சுகள் தத்தம் பகுதியின் காரியங்களைப் பெரும்பாலும் தாமே பார்த்துக்கொள்கின்றன.

இவ்வளவு அந்நியமான உடலுக்கு வலி ஏது என்கிறோம். கால் நசுங்கிய பூச்சி நொண்டுவதில்லை. கும்பிடுபூச்சி தன்னைத் தின்றுகொண்டிருக்கையிலேயே தானும் இலையைத் தின்னும் வெட்டுக்கிளி உண்டு. சாட்சியங்கள் பொய்யல்ல. ஆனால் 'அது வெறும் யந்திரம்' என்ற நம் முடிவில், சாட்சியங்களைவிட அலறலும் சிவப்பும் இல்லாததே அதிக வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

ரசாயனத் தளத்துக்கு இறங்கினால் இந்த அந்நியம் நிலைப்பதில்லை. நரம்புக்கு நரம்பு சேதி கடத்தும் அஸிட்டைல்கோலின் பூச்சியிலும் நம்மிலும் ஒரே பொருள். (நம் தசையை இயக்குவதும் அதுவே, பூச்சியின் தசைக்கு குளுட்டமேட்.) சேதி சேர்ந்ததும் அதைச் சிதைத்து நரம்பை ஓயச் செய்யும் என்ஸைமும் இரு பக்கமும் ஒரே இனம். அதை முடக்கினால் ஓய்வே இல்லை: நடுக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல். 1936இல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் செடிப்பேனுக்கு விஷம் தேடினார். கிடைத்ததை 2 லட்சத்தில் ஒரு பங்காகக் கரைத்துத் தெளித்ததில் பேன்கள் மடிந்தன. சில வாரங்களில் அவருக்கே கண்மணி சுருங்கிப் பார்வை மங்கிற்று, மூச்சு முட்டிற்று. ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. டாபுன் என்ற நச்சுவாயு அதுதான்.

நாம் இவ்வகை விஷங்களை 'மருந்து' என்கிறோம். எதிர்காற்றில் மருந்தடித்து விழுந்த கூலியாளுக்கு ஆஸ்பத்திரியில் அட்ரோப்பின் ஏற்றுகிறார்கள். எந்த என்ஸைம் முடங்கிப் புழு சாகிறதோ, அவன் உடம்பிலும் முடங்கியிருப்பது அதுவே.

கொல்லாமல் விளைச்சல் இல்லை என்பதை மறுக்கவில்லை. கொல்வதற்கு ஒற்றுமையையும், வருந்தாதிருக்க வேற்றுமையையும் ஆதாரமாகக் கொள்வதுதான் உறுத்துகிறது. பிராணிகளின் உணர்வை அங்கீகரித்து 2022இல் பிரிட்டன் இயற்றிய சட்டத்தில் ஆக்டோபஸும் இறாலும் நண்டும் சேர்ந்திருக்கின்றன. பூச்சி இல்லை. நண்டுக்கும் ரத்தம் சிவப்பல்ல.