டிவி சத்தம் கூடுகிறதா?

அப்பா மாதத்துக்கு மாதம் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா? ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள், இந்த வாரமே. சில சமயம் காதை அடைத்திருக்கும் குரும்பியை எடுத்தாலே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் காது மிஷின் வாங்கிக் கொடுங்கள்.

இது காதோடு நிற்கும் விஷயமல்ல. மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, நாம் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்கிறது. அத்தனையையும் சரிசெய்தால் நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அதன் கணக்கு. காது மந்தம் அந்தப் பதினான்கில் முன்வரிசையில் இருக்கிறது. ஏன் என்பதை நம் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு தரம் "என்ன?" என்று கேட்டவர், மூன்றாம் தரம் கேட்கக் கூசி, புரிந்தாற்போல் சிரித்து வைக்கிறார். பிறகு கல்யாணங்களுக்கு வருவதில்லை. பிறகு திண்ணைக்கே வருவதில்லை. தனிமையும் அந்தப் பட்டியலில் உண்டு.

நாமோ "செவிட்டு மிஷின்" என்று கேலி பேசுகிறோம். மூக்குக்கண்ணாடியை யாராவது குருட்டு மிஷின் என்கிறோமா? இந்தக் கேலிக்குப் பயந்தே பலருடைய மிஷின் அலமாரியில் தூங்குகிறது.

மிஷின் மந்திரமல்ல. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை மூன்றாண்டு கவனித்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. மிஷின் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் சிந்தனைத்திறன் சரிவதில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மறதிக்கான ஆபத்து ஏற்கெனவே கூடியிருந்தவர்களில், மிஷினோடு பயிற்சியும் பெற்றோருக்குச் சரிவின் வேகம் ஏறத்தாழப் பாதியானது. அது போதாதா?

நாற்பது ஐம்பதில் இருக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. "இப்போ நார்மல்தானே" என்று பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். சர்க்கரையையும் கொழுப்பையும் பாருங்கள். சிகரெட்டை விடுங்கள். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்து ஓட்டாதீர்கள்; தலையில் படும் அடியும் அந்தப் பதினான்கில் ஒன்று. ஞாபக சக்தி லேகியத்துக்குக் கொடுக்கும் காசில் நடப்பதற்கு நல்ல செருப்பு வாங்குங்கள். பேச்சுத்துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நடங்கள்.

இன்று மாலை டிவியை அணைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்காருங்கள். அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம்.