வீரனை எதைக்கொண்டு மதிப்பது?

தன்பாலீர்ப்பு கொண்ட ஒருவர் படைவீரராகப் பணியாற்றலாமா? மகனையோ சகோதரனையோ எல்லைக்கு அனுப்பிவிட்டு அன்றாடம் செபிக்கும் குடும்பங்கள் உள்ள நம் குமரி மண்ணுக்கு இக்கேள்வி அயலானதன்று.

வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. நான்கு மாதங்கள் கழித்து, 2019 சனவரியில், படைக்குள் இதற்கு இடமில்லை, இராணுவச் சட்டப்படியே நடவடிக்கை தொடரும் என்றார் அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத். 1950-ஆம் ஆண்டின் அச்சட்டம், இயற்கைக்கு மாறான இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை வகுத்துள்ளது.

தளபதியின் கவலையை ஏளனம் செய்தல் தகாது. ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைக்கும் வாழ்வு அது. ஒழுங்கு குலைந்தால் உயிர்கள் போகும். ஆயின், ஒழுங்கைக் குலைப்பது எது? பதவியைக் காட்டித் தமக்குக் கீழுள்ளவரை இச்சைக்கு வற்புறுத்தும் அதிகாரி, ஆணை நாடினும் பெண்ணை நாடினும் குற்றவாளியே. தண்டனை செயலுக்கு உரியது, இயல்புக்கு உரியதன்று.

திருச்சபையின் மறைக்கல்வியும் இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. ஒருபாலுறவுச் செயல்களை அது ஏற்பதில்லை; கற்புநெறிக்கே அழைக்கிறது. அதே ஏடு 2358-ஆம் எண்ணில், இவ்வியல்புடையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்குமாறும், அநீதியான பாகுபாட்டைத் தவிர்க்குமாறும் பணிக்கிறது. முன்னதை மட்டும் வாசித்துப் பின்னதை விடுவோமாயின், அது முழுமையான போதனை ஆகாது.

வீரனை எதைக்கொண்டு மதிப்பது என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. நெய்யூருக்கு ஒருபுறம் குளச்சல், மறுபுறம் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படையின் டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்தார். 1777-இல் மறைந்து உதயகிரியில் துயில்கிறார். பகைவராய் வந்த வேற்று மதத்தவரிடம் மன்னர் மார்த்தாண்ட வர்மா கண்டது திறனையும் நம்பகத்தையுமே.

பிறநாடுகளும் இக்கேள்வியைக் கடந்து வந்துள்ளன. பிரிட்டன் 2000-இல் தடையை நீக்கியது. அமெரிக்கா 1993 முதல், 'கேளாதே, சொல்லாதே' என்ற விதியைக் கடைப்பிடித்து, 2011-இல் அதைக் கைவிட்டது. உண்மையே பேசவேண்டிய வீரனை நாள்தோறும் பொய்யில் வாழவைப்பது அவ்விதியின் பெருங்கேடு.

நம் பங்கில் உறுதிபூசுதல் பெற்ற இளைஞன் ஒருவன் இன்று பனிமலையில் காவல் நிற்கலாம். எதிரியின் குண்டுக்கு அஞ்சாத அவன், தன் தோழரும் பெற்றோரும் தன்னை அறிந்துகொள்வரோ என அஞ்சி வாழ்வானாயின், அந்த அச்சத்தைப் போக்கும் கடமை படைக்கு மட்டுமன்று; நம் இல்லங்களுக்கும் உண்டு.