தண்ணீர் கொண்டுவந்த தகப்பன்



நவம்பர், இறந்தோருக்காக மன்றாடும் மாதம். பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் பெட்டியில் நீங்கள் எழுதிப் போட்ட பெயர்களில் தகப்பன்மார் பெயர்கள்தான் அதிகம். கடலுக்குப் போன அப்பா, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, உப்பளத்து வெயிலில் நின்றே முதுகு கருத்த அப்பா. அந்தப் பெயர்களோடு இன்னொரு பெயரையும் இன்றைய திருப்பலியில் ஒப்புக்கொடுக்கிறோம். 1869ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இந்த ஊரில் பிறந்து, 1930இல் கண்மூடிய ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. ஊரே அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்று சொல்கிறது.

முதல் வாசகத்தில் ஈசாக்கைப் பற்றிக் கேட்டோம். பாவம், ஈசாக்கைப் பற்றிச் சாமியார்கள் நாங்கள் அதிகம் பிரசங்கம் வைப்பதில்லை. ஆபிரகாமுக்கும் யாக்கோபுக்கும் நடுவில் சத்தம் போடாமல் வந்துபோகிறவர் அவர். ஆனால் தொடக்கநூல் 26ஆம் பிரிவை வீட்டில் நிதானமாக வாசித்துப் பாருங்கள். அதில் அவர் கிணறு தோண்டிக்கொண்டே இருக்கிறார். அப்பா ஆபிரகாம் வெட்டிவைத்த கிணறுகளைப் பெலிஸ்தியர் பொறாமையில் மண்போட்டு மூடிவிட்டார்கள். மகன் வந்து அவற்றைத் தூர்வாருகிறார். அப்பா வைத்த பெயர்களையே திரும்ப வைக்கிறார். பிறகு புதிதாக ஒன்று வெட்டுகிறார். கெரார் ஊர் இடையர்கள் வந்து, தண்ணீர் எங்களுடையது என்று சண்டைக்கு நிற்கிறார்கள். விட்டுவிட்டு இன்னொன்று வெட்டுகிறார். அதற்கும் சண்டை. கொஞ்சம் தள்ளிப்போய் மூன்றாவதை வெட்டுகிறார். அங்கேதான் நிம்மதி கிடைக்கிறது. ஈசாக்கு யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. மண்வெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை.

இந்த வாசகத்தை இன்றைக்கு நான் தேர்ந்துகொண்டதன் காரணம் தூத்துக்குடிக்காரர்களுக்குப் புரியும். ஒரு பக்கம் கடல், ஊரைச் சுற்றி உப்பளம். கிணறு வெட்டினாலும் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். நம் கடற்கரை ஊர்களில் பாட்டிமார் செய்ததைக் கேட்டிருப்பீர்கள். விடியுமுன்னே போய், மணலில் ஊற்றுத் தோண்டி, அடியில் கசிந்து ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டுச் சிரட்டையை அழுத்தினால் மணலும் சேர்ந்து வரும். அது தெளிகிறவரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் கிழக்கே வெளுத்துவிடும். சலாபக் காலத்தில் முத்துக்குளிக்கப் போன குளியாளிகள் ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் மூச்சடக்கிச் சிப்பி வாரி வந்தார்கள். உலகத்துக்கே முத்துக் கொடுத்த கரை இது. கரையேறிய குளியாளிக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொடுப்பதுதான் பெரும்பாடு.

1909இல் குரூஸ் பர்னாந்து முதல்முறையாக நகரசபைத் தலைவர் ஆனபோது ஊர் இப்படித்தான் இருந்தது. ஐந்து முறை அந்தப் பொறுப்பில் இருந்தார். தண்ணீர்ப் பஞ்சம் கடுமையானபோது கடம்பூரிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து ஊருக்குக் கொடுத்தார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் ரயிலை நம்பி ஒரு ஊர் எத்தனை நாள் பிழைக்கும்? ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு அப்பால், வல்லநாட்டுப் பக்கம் தாமிரபரணி ஓடுகிறது. அங்கிருந்து குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். தண்ணீர் ஊருக்குள் வந்தது 1927இல். கணக்குப் பாருங்கள், முதலில் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து 18 ஆண்டுகள். நடுவில் ஒரு உலகப் போரே நடந்து முடிந்துவிட்டது. நகரசபை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீர்மானம், எதிர்ப்பு, மனு, பதில் வராத கடிதம், மறுபடி மனு. ஈசாக்குக்காவது மூன்றாவது கிணற்றில் நிம்மதி கிடைத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குரூஸ் பர்னாந்து தலைவரானதற்கு முந்தைய ஆண்டுதான் இதே ஊரின் கப்பலோட்டிய வ.உ.சி. சிறைக்குப் போனார். அவர் சிறையில் செக்கிழுத்த காலத்தில் இவர் வெள்ளையர் ஆட்சியின் கீழ் நகரசபையில் இருந்தார். ராவ் பகதூர் பட்டமும் அவர்கள் கொடுத்ததுதான். இதைக் கேட்டு இளைஞர்கள் சிலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். சுளிக்கட்டும். எல்லாருக்கும் ஒரே அழைப்பு வருவதில்லை. ஆட்சியை எதிர்த்து நின்றவரின் தியாகத்தை இன்னொருவரின் குழாயோடு எடைபோட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆட்சி யாருடையதாக இருந்தாலும் அன்றன்றைக்குக் குழந்தைக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் இருக்க வேண்டியிருந்தது.

குரூஸ் பர்னாந்து செய்த செபம் அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடந்தது. நம் கண்ணுக்குத் தெரிவது, அது போய் நின்ற இடம். நற்செய்தியில் ஆண்டவர், சின்னஞ்சிறியவர் ஒருவருக்குக் கொடுத்த ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று வாக்களிக்கிறார். கிண்ணத்தை நீட்டுகிறவருக்கு, குடிக்கிறவரின் முகம் தெரியும். தெருக்குழாய் போட்டவருக்கு அதுவும் தெரியாது. மாதா கோவில் தெருப் பெண்ணும், சிவன் கோவில் தெருப் பெண்ணும், பள்ளிவாசல் பக்கத்துப் பெண்ணும் ஒரே குழாயடியில் குடம் வைத்தார்கள். குழாய் யாருடைய ஞானஸ்நானச் சான்றிதழையும் கேட்கவில்லை. 1555இல் நம் கரைக்கு வந்ததாக நாம் கொண்டாடும் பனிமய அன்னையின் பொன் தேருக்கும் வடம் பிடிக்க எல்லா மதத்தாரும் வருகிறார்களே, அந்தக் குணம் இந்த ஊரின் மண்ணிலேயே இருக்கிறது. பரதவர் குலத்தில் பிறந்தவர்தான் குரூஸ் பர்னாந்து. ஆனால் எங்கள் ஆள் என்று நாம் மட்டும் பிடித்துவைத்துக்கொண்டால், கெரார் இடையர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அவரைப் போல ஊர்ப் பொறுப்புக்கு நாம் பிள்ளைகளை அனுப்புகிறோமா? நம் வீடுகளில் பிள்ளைகளைக் கப்பல் வேலைக்கு அனுப்புகிறோம், வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம், குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் தாராளமாகத் தருகிறோம். நகரமன்றத்துக்குப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்: வேண்டாம்ப்பா, அது சாக்கடை. சாக்கடையைச் சுத்தம் செய்வதுதானே அம்மா நகராட்சியின் வேலை? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், புனித தாமஸ் மூரை 2000ஆம் ஆண்டில் அரசியல் பணியாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். இங்கிலாந்து அரசனின் அமைச்சராகவும் பிள்ளைகுட்டிக்காரராகவும் இருந்த மனிதர் அவர்; மனசாட்சிக்காகத் தலையைக் கொடுத்தவர். கோப்புகளுக்கு நடுவிலும் புனிதராகலாம் என்று திருச்சபை சொல்கிறது. நம் அம்மாமார் இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அவர் காலத்து ஊர் இன்றைக்கு மாறிவிட்டது. 1961இல் நடந்ததற்குப் பிறகு இங்கே பெரிய முத்துச் சலாபம் இல்லை. கடலடி முத்துப் பார்களில் சிப்பி வற்றிப்போனது. தண்ணீர் நிற்கவில்லை. இப்போது வல்லநாட்டிலிருந்து வருவது நாலாவது பைப்லைன். ஊரும் நகராட்சியாக இருந்தது 2008இல் மாநகராட்சி ஆனது. ஆனால் பெலிஸ்தியரின் மண் இன்றைக்கும் கிணற்றுக்குள் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பிரதானக் குழாயில் திருட்டு இணைப்பு வாங்கி, மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீட்டில், தெருக்கோடி வீட்டுக்குரிய குடம் களவு போகிறது. சுவரில் மாதா படம் இருந்தாலும் அது களவுதான். அந்த மோட்டாரைக் கழற்றாமல் குரூஸ் பர்னாந்து சிலைக்கு மாலை போட வருகிறவர்களைப் பார்த்து அவர் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இனி விசுவாச அறிக்கைக்கு எழுந்து நிற்போம். பிறகு வரும் மன்றாட்டுகளில் முதலாவது, மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்காக. நம் தெருவுக்கு வால்வு திறக்க வருகிறவரின் பெயர் தெரிந்தவர்கள் அதைச் சத்தமாகவே சொல்லுங்கள். தெரியாதவர்கள் இந்த வாரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறும் இதே மன்றாட்டு உண்டு.