கொடுத்தது கொடுத்ததுதான்!



வயதான ஒரு தாயார் தன் வீட்டை இளைய மகனுக்கு எழுதிவைக்கப் பிரியப்பட்டார்கள். துணைக்கு நானும் பத்திரம் எழுதுகிறவரிடம் போனேன். "உயிலா, செட்டில்மென்டா?" என்று கேட்டார். உயில் என்றால், எழுதினவர் உயிரோடிருக்கும்வரை மாற்றி எழுதலாம், ரத்தும் பண்ணலாம். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 62-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்லுகிறது. தான செட்டில்மென்ட் அப்படியல்ல. அவர் காட்டிய ஆங்கில நகலில் ஒரு வார்த்தை இருந்தது: 'இர்ரெவொக்கபிள்'.

"அப்படின்னா என்னய்யா?"

"கொடுத்தா கொடுத்ததுதாம்மா. நாளைக்கு மகன்மேல கோபம் வந்துச்சுன்னு திரும்ப வாங்க முடியாது."

தாயார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "யோசிச்சு வர்றேன்." நான் குறை சொல்லமாட்டேன். பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடுகிறதினால்தானே 2007-ல் மூத்த குடிமக்களுக்கென்று ஒரு சட்டமே வந்தது! பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கினவன் பராமரிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க அதில் வழி உண்டு. 'இர்ரெவொக்கபிள்' என்று எழுதினாலும் மனுஷர் பத்திரத்துக்கு இப்படி ஒரு வாசல் தேவைப்படுகிறது.

அன்று ராத்திரி ரோமர் 11:29-ஐ வாசித்தேன். தேவனுடைய வரங்களையும் அழைப்பையும் பற்றிய வசனம். அநேக ஆங்கில வேதாகமங்களில் அங்கே இருப்பது அதே பத்திர வார்த்தைதான்! பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'அமெட்டமெலேட்டா'. கொடுத்துவிட்டோமே என்று பின்னால் மனஸ்தாபப்படாதது என்று அர்த்தம். பத்திரம் கையைத்தான் கட்டும். எழுதிக்கொடுத்தவர் உள்ளுக்குள் நொந்துகொண்டே இருக்கலாம். தேவனோ நொந்துகொள்கிறதே இல்லை. நாம் விழுவோம் என்று தெரிந்தே கொடுத்தார்.

பவுல் இதை முதலாவது இஸ்ரவேலரைக் குறித்தே எழுதினார் என்பதை மறக்கவேண்டாம். முறிக்கப்பட்ட கிளைகளையும் மறுபடி ஒட்டவைக்க அவரால் கூடும் என்று அதே அதிகாரத்தில்தான் சொல்லுகிறார்.

உடன் ஊழியரே, உங்களுக்கும் எனக்கும் ஒரு வார்த்தை. வரம் கிரியை செய்வதினால் நம் நடக்கை சரி என்று ஆகிவிடாது. தாவீதைக் கொல்லத் துரத்திப்போன சவுலும் நாயோதிலே தீர்க்கதரிசனம் சொன்னான் (1 சாமு. 19). ஆகவே இந்த வசனத்தைப் பாவத்துக்குப் போர்வையாக்காதிருப்போம்.

ஆனால் இதை நான் எழுதியது ஒரு தம்பிக்காக. ஒரு காலத்தில் நம் ஆராதனையில் முன்நின்று பாடினவர். குடியில் விழுந்தார், எழுந்தார். இப்போது கடைசிப் பாயில் வந்து உட்கார்ந்து, ஆமென் சொல்லுமுன்னே எழுந்து போய்விடுகிறார். "ஐயா, ஆண்டவர் என் அழைப்பை வேற யாருக்கோ கொடுத்துட்டார்" என்றார். தம்பி, மூன்றுதரம் மறுதலித்த பேதுருவுக்குத் திபேரியா கடற்கரையில் ஆண்டவர் புதுப் பத்திரம் எழுதவில்லை. பழைய அழைப்பையே திரும்பச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வாங்க. முதல் பாட்டு உங்களுக்குத்தான் வைத்திருக்கிறேன்.